வழியில் தின்றது யார்

பேனா என்றுதான் நினைத்தேன். கொழும்புக் கம்பெனிக்காரன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து என் மேசையில் வைத்தபோது, எதிலோ கையெழுத்துப் போடப் போகிறான் என்று பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினேன். அவன் சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றினான். உள்ளே நிப் இல்லை. ஒரு சின்னத் திரை, நுனியில் சோதனைப் பட்டி செருக ஒரு வாய். இரத்தத்தில் குளுக்கோசு அளக்கும் கருவியாம். விரலில் ஒரு குத்து, பட்டியில் ஒரு துளி, முப்பது விநாடி.

"நம்பாட்டி உங்கட விரலையே தாங்க," என்றான்.

கொடுத்தேன். திரையில் எண்கள் முப்பதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. நான் திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மாடிப்படி ஏறி வருவாயே, ஒரு படி விட்டு ஒரு படி, சட்டைப்பையை இடது கையால் பொத்திக்கொண்டு. மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வர உனக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இதற்கு முப்பது விநாடி.

பண்டாரவளை டொக்டர்களைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வருகிறேன், அதுவரை வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அவன் போய்விட்டான். இப்போது ஒன்றேகால். அதற்குள் நாலு விரலைக் குத்தியாகிவிட்டது. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. எனக்கு ஒரு நோயும் இல்லை, அளக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழும்பி ஜன்னல்வரை போகிறேன், திரும்ப வந்து அடுத்த விரலைப் பார்க்கிறேன். இடையில், பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் இதை உனக்கு எழுதுகிறேன். எங்கே போடுவது என்று தெரியாது. நீ உயிரோடிருந்தபோது நான் உனக்கு ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டிய ஒன்றை, நீ கேட்டும், எழுதவில்லை. அதைப் பற்றித்தான் இது.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், நம் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. உன் அப்பா இருமினால் என் அம்மா அங்கிருந்தே கொத்தமல்லித் தண்ணி போடச் சொல்லுவாள். ஒரே கிழமையில் இரண்டு வீட்டுக்கும் பிரஜாவுரிமை விண்ணப்பம் வந்தது. என் அப்பா இந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்தார், உன் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்போது அது ஒரு பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் பதுளையில் படித்துக் கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி முடித்தேன். நீ தோட்டத்துத் தபால்காரன் ஆனாய். காக்கிப் பை, அதில் பித்தளைப் பூட்டு. சாவி ஒன்று ஒப்பீஸில், மற்றது தபாற்கந்தோரில். பூட்டிய பையைச் சுமக்கிறவனுக்கு மட்டும் சாவி கிடையாது என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

அந்த வருஷம் தீபாவளிக்கு நான் தோட்டத்துக்கு வந்தபோது நீ மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற தண்ணீரில் வாயை வைத்து, மாடு குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தாய். சட்டைக்குள் ஆள் இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் உன் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. இருபத்திரண்டு வயதில் சீனி வருத்தம், நீரிழிவு. கணையத்தில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இனிக் காலம் முழுக்க ஊசிதான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நீ கேட்டுவிட்டு, "கூப்பன் கடையில ஆளுக்குக் கரண்டிக் கணக்குல சீனி குடுக்கிறாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ளயே மூட்டை கட்டி வச்சிருக்கு. முதலாளிடா நான்," என்றாய். பாண் ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசையில் நிற்கிற காலம் அது. லயத்தில் யாரும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. இதை மறந்துவிடக் கூடாது. பின்னால் நான் உன்மேல் போட்ட பழி அந்தக் காலத்தில் போட்ட பழி.

அப்போதுதான் எனக்கு இந்த வேலை கிடைத்திருந்தது. பஸாரில் ஹாஜியாரின் பாமசி, அதன் பின்னறையில் டொக்டரின் டிஸ்பென்சரி, மேலே மாடியில் இந்த ஆய்வுகூடம். ஆய்வுகூடம் என்றால் நானும் ஒரு நிறமானியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். சீனி பார்க்கிற மருந்தில் செறிந்த அசற்றிக் அமிலம் உண்டு. கொதிக்கவைத்தால் வினாகிரி வாசம் படி இறங்கிக் கடைவரை போகும். ஹாஜியார் கீழேயிருந்தே, "என்ன தம்பி, மேல அச்சாறு போடுறீங்களா?" என்பார். சீனி எவ்வளவோ அவ்வளவுக்குப் பச்சை. அந்தப் பச்சையை நிறமானி எண்ணாக்கும். அந்த எண்ணில் எனக்கு அசாத்திய நம்பிக்கை. தோட்டத்து மருந்துக்காரரின் செங்கல் நிறத்தை நான் பரிகாசம் பண்ணுவேன்.

கிழமைக்கு இரண்டு நாள் தேயிலைப் பெட்டி ஏற்றி லொறி பதுளை ஸ்டேஷனுக்கு வரும். நீ அதில் வருவாய். காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால், வெறும் வயிற்றில் மருந்துக்காரர் உன் இரத்தத்தை எடுத்துப் பழைய பென்சிலின் போத்தலில் விட்டு ரப்பர் மூடியை அழுத்திக் கொடுப்பார். வேறு ஒன்றிரண்டு பேருடையதும் இருக்கும். பையைத்தான் பூட்டிவிடுகிறார்களே, அதில் வைக்க முடியாது. லொறியின் தட்டில் வைத்தால் பெட்டியோடு பெட்டி இடித்து உடையும். அதனால் உன் சட்டைப்பை. போத்தலைத் துணியில் சுற்றி, பைக்குள் இறக்கி, பொத்தான் போட்டு, அதன்மேல் கம்பளிக் கோட்டு.

கோட்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"குளுருல வெறச்சுப் போயிருமேடா. சூடா வச்சிருந்தாத்தான உசுரோட வந்து சேரும்."

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நம் ஊரில் எல்லாமே அப்படித்தான். கோழிக்குஞ்சு மடியில், டோர்ச் பெற்றரி இடுப்பில், புதிதாய்ப் பிறந்தது அம்மாவின் சேலைக்குள். பத்திரமாக வைப்பது என்றால் உடம்போடு ஒட்டி வைப்பது. நீ உன் இரத்தத்தையும் அப்படித்தான் பத்திரப்படுத்தினாய்.

மருந்துக்காரர் லீவில் போகிற கிழமைகளில் நீ ஒன்றும் சாப்பிடாமல் வருவாய். மத்தியானம் இந்த வாங்குப் பலகையிலேயே உட்காரவைத்து நான் இரத்தம் எடுப்பேன். அந்த நாட்களில் பச்சை கடும் பச்சையாக இருக்கும். தோட்டத்தில் எடுத்துக்கொண்டு வந்த நாட்களில் வெளிறியிருக்கும். இரண்டு மூன்று மாதம் இப்படியே மாறி மாறி வந்தது. இதை முதலில் கண்டவன் நான் அல்ல. நீதான். ரிப்போர்ட் துண்டுகளையெல்லாம் கலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்திருக்கிறாய். ஒருநாள் அத்தனையையும் கொண்டுவந்து என் மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தாய்.

"இது அங்க எடுத்தது. இது இங்க எடுத்தது. அங்க எடுத்தா கொறையுது, இங்க எடுத்தா கூடுது. வழியில யாரோ திங்கிறாங்கடா."

எனக்கு அன்று வேலை குவிந்து கிடந்தது. அது ஒரு சாட்டு அல்ல, வேலை குவியாத நாளிலும் நான் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பேன். "யாரோ இல்ல, நீதான் திங்கிற," என்றேன். "இங்க எடுக்கிற நாள்ல பசறையில லொறி நிக்கும்போது பனிஸ் கடிச்சிருப்ப. பிளேன்டீயில சீனி போட்டுக் குடிச்சிருப்ப. அதான் கூடுது."

"நான் திங்கலடா."

"ரத்தம் பொய் சொல்லாது. நீ சொல்லுவ."

நீ அந்த இரண்டு குவியலையும் ஒன்றாக்கினாய். பிறகு, "பசிச்சது உண்மை," என்றாய். "பசிச்சா சீனி கூடுமா? கூடும்னா அதான்." அதைப் பகிடியாக, சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை. துண்டுகளை அடுக்கி, சட்டைப்பையில் போட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாய். ஒரு படி விட்டு ஒரு படி அல்ல. ஒவ்வொரு படியாக.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அன்றைய ரிப்போர்ட்டின் அடியில், "வழியில் உணவு உட்கொண்டிருக்கலாம். காலையில் தோட்டத்தில் எடுத்த அளவே நம்பத்தக்கது" என்று எழுதி, கீழே டொக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அழகான கையெழுத்தில். டொக்டர் வாசித்துவிட்டு, காலை அளவு இவ்வளவு குறைவென்றால் இன்சுலின் அதிகம்தான், தாழ்சீனியில் மயங்கி விழுவான் என்று சொல்லிப் பத்து அலகைக் குறைத்தார். அவரில் பிழை இல்லை. என் எண்ணை அவர் நம்பினார்.

மூன்று கிழமை கழித்து நீ வந்தாய். மாடிப்படியில் காலடிக்கு முன்னால் வாசம் வந்தது. அழுகின பழத்தின் வாசம், அசற்றோன். என் அலுமாரியில் ஒரு போத்தல் அசற்றோன் உண்டு, மூடி கழன்றுவிட்டதோ என்று முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான். திரும்பியபோது நீ வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். மூச்சு ஆழத்திலிருந்து இழுத்து இழுத்து வந்தது, மேட்டில் மூட்டை தூக்கி ஏறினவன்போல். நேற்றுப் பொழுதுபட்டதிலிருந்து வாந்தி என்று லொறி டிரைவர் சொன்னார். தண்ணீர்கூடத் தங்கவில்லையாம். நீ சட்டைப்பைப் பொத்தானைக் கழற்ற முயன்றாய்.

"மூணு போத்தல். என்னோடது ஒண்ணு," என்றாய். "ஒண்ணும் ஒடையல."

தூக்கிக்கொண்டு கீழே ஓடினோம். டொக்டர் சேலைன் ஏற்றி இன்சுலின் போட்டு, ஹாஜியாரின் காரிலேயே உன்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அனுப்புமுன் உன் கையிலிருந்து இரத்தம் எடுத்து என்னிடம் தந்தார். எனக்கு வேறு செய்யத் தெரிந்தது ஒன்றும் இல்லை. மேலே வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீ தோட்டத்திலிருந்து சுமந்துகொண்டு வந்தது ஒன்று, டொக்டர் இப்போது எடுத்தது ஒன்று. ஒரே மனுஷன், ஒரே நாள். ஒன்று இளம் பச்சை. மற்றது நிறமானியின் முள்ளைக் கடைசிவரை தள்ளியது, தண்ணீர் கலந்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஆறு மணி நேரத்தில் சீனி ஏறியிருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். இவ்வளவு ஏறாது. பனிஸ் கதையும் எடுபடாது. தண்ணீர் தங்காத வயிற்றில் பனிஸ் எங்கே தங்கும்?

அப்போதுதான் அந்தப் பாடம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதே வெட்கம். கொழும்பில் முதலாம் வருஷத்தில் படித்தது. உடம்பை விட்டு வெளியே வந்தாலும் இரத்தம் சாவதில்லை. செங்குழியங்கள், அந்தச் சிவப்பு அணுக்கள், போத்தலுக்குள்ளும் உயிரோடிருந்து, தங்கள் பாட்டுக்குக் குளுக்கோசைத் தின்றுகொண்டிருக்கும். சூடு கூடினால் வேகமாகத் தின்னும். அதை நிறுத்தத்தான் போத்தலில் ஒரு சிட்டிகை புளோரைடு போடுவது. பரீட்சையில் இதற்குப் படம் வரைந்து முழுப் புள்ளியும் வாங்கினேன். கொழும்பில் போத்தல்கள் புளோரைடோடு தயாராகவே வரும், வார்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் இரத்தம் மேசைக்கு வரும். இங்கே இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புளோரைடு தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. உறையாமலிருக்க ஒட்சலேற்று போடுகிறோமே, போதும் என்று இருந்துவிட்டேன். படித்தது ஒரு பக்கம் கிடந்தது, லொறி ஒரு பக்கம் ஓடியது, இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பழி போட என் கையில் சுலபமாக ஒரு திருடன் இருந்தான், நீ.

மறுநாள் என் இரத்தத்தை எடுத்து மூன்றாகப் பிரித்தேன். ஒன்றை ஹாஜியாரின் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். ஒன்றை மேசையில் வைத்தேன். மூன்றாவதைத் துணியில் சுற்றி என் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். ஐந்து மணி நேரம் நடந்தேன். பஸார், ஸ்டேஷன், ஆற்றுப் பாலம், திரும்ப ஸ்டேஷன். நல்ல வெயில். பார்த்தவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். அந்தச் சின்னப் போத்தல் நெஞ்சில் பட்டுக்கொண்டேயிருந்தது. உனக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நடக்க நடக்கத்தான் தெரிந்தது. திரும்பி வந்து மூன்றையும் பார்த்தேன். குளிர்ப்பெட்டிப் போத்தலில் அளவு கிட்டத்தட்ட அப்படியே. மேசையில் இருந்தது குறைந்திருந்தது. என் பையில் இருந்ததில் பச்சையே இல்லை என்று சொல்லலாம்.

உன்னோடு வந்த மற்றப் போத்தல்கள்? பதிவேட்டைப் புரட்டினேன். சீனி இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்களை ஒவ்வொருவராக வரவழைத்து இங்கேயே இரத்தம் எடுத்தேன். ஒரு கொழுந்தெடுக்கிற அக்காவுக்கு நல்லாவே சீனி இருந்தது. "போன தடவ இல்லன்னீங்களே தம்பி," என்றாள். ஆமாங்க, போன தடவை நான் பிழையாகப் பார்த்துவிட்டேன் என்றேன். அவளிடம் அது சுலபமாக வந்தது.

உன்னிடம் வரவில்லை. நீ பிழைத்துக்கொண்டாய். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் வந்து, நின்றபடியே, ஒரு மணி நேரம் பேசினேன். செங்குழியம், நொதியம், வெப்பநிலை, புளோரைடு எந்தப் படியில் போய் அடைக்கிறது, எல்லாம். கண்டுபிடித்த சந்தோஷம் வேறு. நீ தலையணையை முதுகுக்கு இழுத்து வைத்துக் கேட்டாய். முடித்ததும், "அப்ப ரத்தமே திங்குது," என்றாய்.

"ஆமா. அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப நான் திங்கலன்னு தெரிஞ்சிருச்சில்ல?"

"தெரிஞ்சிருச்சு. அதான் புளோரைடு..." என்று நான் தொடர்ந்தேன். நீ என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாய். ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாய். எனக்கு அது அப்போதே விளங்கியது, விளங்காததுபோல் புளோரைடுக்குள் புகுந்துகொண்டேன். கடைசியில் நீயே, "சரி விடு, சீனிக்காரா," என்று என்னை விடுவித்தாய். உன் அளவு பிழை என்று டொக்டரிடம் எழுதிக் கொடுத்தேன், ஹாஜியாரிடம் சொன்னேன், பதிவேட்டில் சிவப்பு மையில் அடித்துத் திருத்தினேன். உன்னிடம் மட்டும், உன்னைப் பொய்யன் என்றது பிழை என்று ஒரு வசனம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நல்ல வருஷங்கள். ஹாஜியார் கொழும்பில் யாரையோ பிடித்துப் புளோரைடு வரவழைத்தார். நான் சிட்டிகை சிட்டிகையாகப் போத்தலில் போட்டு உலர்த்தி வைப்பேன், நீ வெறும் போத்தல்களைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவாய். "மாட்டுக்கு வாய்க்கட்டுப் போடுற மாதிரி ரத்தத்துக்குப் போட்டுட்டான்," என்று லொறியில் எல்லாரிடமும் சொல்லுவாய். இன்சுலின் போத்தலை ஈர மணல் சட்டியில் புதைத்துக் காம்பரா மூலையில் வைத்திருந்தாய். கன்னத்தில் சதை வந்தது. ஒரு படி விட்டு ஒரு படி திரும்பவும் வந்தது. ஆனால் ஒன்று: மேசையில் போத்தலை வைக்கும்போதெல்லாம், நான் கேட்காமலே, "ஒண்ணும் திங்கல," என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாய். பகிடிபோலத்தான். நானும் சிரிப்பேன்.

பிறகு உங்கள் பாஸ்போர்ட் வந்தது. உன் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது அத்தனை வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டியது. பதுளை ஸ்டேஷனில் அன்று கோச்சி ரயிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே அழுகை. ஏறுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். நான் உனக்கு ஒரு பிளாஸ்கும் ஐஸும் நாலு போத்தல் இன்சுலினும் கொண்டுவந்திருந்தேன். கப்பலில் எப்படி, முகாமில் எப்படி என்று மணிக்கணக்காகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என்னைத் தள்ளிக்கொண்டு தூணோரம் போனாய்.

"ஒரு துண்டு எழுதிக் குடு. அங்க டாக்டருக்கு. இங்கிலீஷ்ல எழுதினா மதிப்பாங்க."

"என்னத்த எழுத?"

"இந்த வழி விஷயம். ரத்தம் திங்கிறது. நான் சொன்னா யாரு கேப்பா?"

என் கையில் பேனா இருந்தது. சட்டைப்பையில் தாளும் இருந்தது. ஐந்து வரி. நான் சொன்னது இதுதான்: "அங்க பெரிய பெரிய ஆஸ்பத்திரிடா. எல்லாம் தெரிஞ்சவங்க. இதைக் கொண்டுபோய் நீட்டினா சிரிப்பாங்க. ஏறு, கோச்சி வெளிக்கிடப் போகுது." கோச்சி வெளிக்கிட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எனக்கு அந்த அழுகைச் சத்தத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நீ மறுபடி கேட்கவில்லை. பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, நெஞ்சுப் பையைத் தட்டிக் காட்டினாய். உள்ளே வெறும் பென்சிலின் போத்தல் இரண்டு. புளோரைடுச் சிட்டிகை போட்டது.

உன் தங்கச்சியின் கடுதாசி இரண்டு வருஷம் கழித்து வந்தது. நீலகிரிப் பக்கம், அங்கேயும் தேயிலை, அங்கேயும் மேலே லைன் வீடுகள், கீழே டவுன். நான் நினைத்த பெரிய ஆஸ்பத்திரி பஸ்ஸில் மூன்று மணி நேரம். கொண்டுபோன இரண்டு போத்தலும் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டன. பிறகு காலையில் நர்ஸ் வந்து எடுக்கிற இரத்தம் பஸ்ஸில் இறங்கிப் போகும், சாயங்காலம் ரிப்போர்ட் வரும். சீனி அவ்வளவு இல்லை என்று வந்ததாம். மருந்தைக் குறைத்தார்களாம். "அண்ணன் வழியில யாரோ திங்கிறாங்கன்னு சொன்னிச்சு. அங்க இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. நீதான் திருட்டுத்தனமா திங்கிறன்னு சொன்னாங்க. அண்ணன் அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல," என்று எழுதியிருந்தாள். மழைக்காலத்தில், நான்கு நாள் வாந்திக்குப் பிறகு, நீ போய்விட்டாய்.

அதுதான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்சுலின் கெட்டிருக்கலாம், கிருமி ஏதும் இருந்திருக்கலாம், நூறு காரணம் இருக்கலாம். நான் அங்கே இல்லை, இரத்தத்தைப் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் உன்னிடம் சொன்ன வசனம் எனக்குத் தெரியும். அது என் வசனம். எனக்குப் பிறகு வேறு யாரும் உன்னிடம் அதைச் சொல்லாமலிருக்கத்தான் நீ ஐந்து வரி கேட்டாய்.

மூன்றரை ஆகிவிட்டது. ஆறாவது விரலும் முடிந்தது. பட்டியின் நுனியில் ஒரு நொதியம் பூசியிருக்கிறான். அது குளுக்கோசிலிருந்து இலத்திரனைப் பறிக்கிறது, இடையில் ஒரு பொருள் அதை வாங்கிக் கம்பியிடம் கொடுக்கிறது, ஓடுகிற மின்னோட்டத்தைப் பேனா எண்ணுகிறது. விரலுக்கும் எண்ணுக்கும் நடுவில் லொறி இல்லை, சட்டைப்பை இல்லை, பசறைக் கடை இல்லை. நானும் இல்லை. இதைப் பார்த்தால் நீ, "ஒன் வேலை போச்சுடா சீனிக்காரா," என்றிருப்பாய். உன் காம்பரா மூலையில், மணல் சட்டிக்குப் பக்கத்தில், இது ஒன்று இருந்திருந்தால் போதும். ஹாஜியார் மேலே வந்து பார்த்துவிட்டு விலையைக் கேட்டார். சொன்னேன். இறங்கிப் போய்விட்டார். இது மடுல்சீமைக்குப் போக இன்னும் எத்தனை வருஷமோ. அதுவரை போத்தல்தான், லொறிதான்.

போத்தல் கொண்டுவருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று. இரண்டாவது, சாப்பிட்டீர்களா என்று. அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிவேட்டில் எழுதிய பிறகுதான் நிறமானியைப் போடுகிறேன். எண் வந்த பிறகு அந்த வரியில் கை வைப்பதில்லை. அப்படியும் மத்தியானம், லொறி வருகிற நேரம் தாண்டிவிட்டால், ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை. மாடிப்படிவரை போய் நின்றுவிட்டு வருகிறேன்.

நீ கேட்ட துண்டு இது. இங்கிலீஷில் தனித் தாளில் எழுதி, முத்திரை குத்தி, உன் தங்கச்சிக்கு இன்றைத் தபாலிலேயே போடுகிறேன். அந்த லைனில் இனி யாருக்காவது உதவட்டும். தமிழில் உனக்கு:

இவருடைய இரத்தத்தை எடுத்தவுடன் புளோரைடு சேர்க்கவும். சேர்க்க வழியில்லையேல் ஐஸில் வைக்கவும், எடுத்த நேரத்தைக் குறிக்கவும். சட்டைப்பையில் கொண்டுவரக் கூடாது. தாமதித்து வந்த இரத்தத்தில் சீனி குறைந்திருந்தால் அந்த அளவை நம்பி மருந்தைக் குறைக்க வேண்டாம். இவர் சாப்பிடவில்லை என்று சொன்னால், சாப்பிடவில்லை.